சளிக்குள் ஒரு சந்தை

லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், ரிசல்ட் சரியா வந்திருக்கான்னு எப்படி உறுதி பண்ணிக்கறது?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கிறது, என்னை எதற்கு இழுக்கிறீர்கள்? ரிசல்ட் சரியாகவே இருந்தும் நோயாளிக்குப் பிரயோஜனப்படாமல் போனால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது ஓய்வு பெற்றவர்களின் கெட்ட பழக்கம். எனக்கும் அது தொற்றிக்கொண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சித்தூர்க்காரி. எங்களுக்குச் சர்ச்சில் தமிழ், தெருவில் தெலுங்கு, மார்க் ஷீட்டில் இங்கிலீஷ். படிப்பை முடித்துத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் மைக்ரோபயாலஜி லேபில் சேர்ந்தேன், அங்கேயே தலையும் நரைத்தது. நான் சொல்லப் போவது தொண்ணூறுகளின் பிற்பாதியில் நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்துவிட்ட புதிது. டிவியில் புதுப்புது சோப்பு வந்த மாதிரியே மருந்துக் கடைகளுக்குப் புதுப்புது ஆண்டிபயாடிக் வந்துகொண்டிருந்தது. டை கட்டிய ரெப்புகள் வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு வருவார்கள். ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் ஊசி போன மாதத்து ஊசியைவிடப் பலமானது என்பார்கள். ஊர்ப்பக்கம் பார்த்தால் ஆண்களில் ஒரு பங்கு குவைத்தில், ஒரு பங்கு மெட்ராஸ் பக்கத்து ஃபேக்டரிகளில். ரேணிகுண்டா ஸ்டேஷனில் நின்றால் யார் எங்கே போகிறார்கள் என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மேகலா நாகலாபுரத்துப் பெண். ஜூனியர் காலேஜில் இன்டர் முதல் வருஷம், அதாவது பிளஸ் ஒன், படித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண், ஓயாத இருமல். இரண்டு தடவை டிபி என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். இரண்டு தடவையும் அவளுக்கு டிபி இல்லை. எங்கள் நெஞ்சு நோய் டாக்டர் சுதாகர்தான் சந்தேகப்பட்டு வியர்வையைப் பரிசோதிக்க வெளியூருக்கு அனுப்பினார். உப்பு ஏகத்துக்கும் இருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரவே வராது என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த பிறவி வியாதி.

அவள் அம்மா தனம்மா அதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கைக்கொயந்தையா இருக்கச் சொல்லவே முத்தம் குடுத்தா உப்பு கரிக்கும்மா. வெயில்ல தூக்கினு போறதுனால வேர்வைன்னு நெனச்சுக்கினு இருந்துட்டோம்."

வியாதியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த உடம்பில் சளி தண்ணீர்ப் பதமாக இருக்காது, பசை மாதிரி இறுகிக்கிடக்கும். நுரையீரல் அதைத் தள்ளி வெளியேற்ற முடியாது. ஒரு கிருமி வந்து குடியேறும். அது போவதற்குள் இன்னொன்று வரும். அப்புறம் ஒன்றும் போகாது. அவ்வப்போது காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று கிளம்பும். ஆண்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும். மறுபடி கிளம்பும்.

அந்தத் தடவை கிளம்பியது மோசமாகக் கிளம்பியது. மேகலா மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாது. "தண்ணி" என்பாள், இழுப்பாள், "வேணும்" என்பாள். அவள் அப்பா குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டெலிபோன் பூத்துக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடுவார், தனம்மா போய்ப் பேசுவாள். மகளுக்கு முடியவில்லை என்று தெரிந்ததிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வரட்டுமா? ஒப்பந்தத்தை நடுவில் முறித்துக்கொண்டு வந்தால் அந்த முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டான். அவர் அனுப்புவதில்தான் பிள்ளைக்கு மருந்து. வராமல் இருந்து பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த யோசனையே தனம்மாவைத் தின்றுகொண்டிருந்தது.

இப்போது எங்கள் லேபில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சளியைக் கல்ச்சர் போட்ட பிளேட்டில் ஒரே வகைக் கிருமி வளர்ந்திருந்தால் அது நல்ல பிளேட். இரண்டு மூன்று வகை கலந்துகட்டி வளர்ந்தால் அதற்கு 'சந்த பிளேட்' என்று பெயர். சந்த என்றால் தெலுங்கில் நம் சந்தைதான். கண்ட கண்ட ஜனமும் கூடியிருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சிலிருந்து காறித் துப்பாமல் வாய் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி அதை ஜன்னலோரத்துச் சிவப்பு டிரேயில் போட்டுவிடுவோம். 'மறுபடி சாம்பிள் அனுப்பவும்' என்று வார்டுக்குச் சொல்லிவிடுவோம். டிரேயில் விழுந்தது ஆட்டோகிளேவில் வெந்து குப்பைக்குப் போகும். மற்ற நோயாளிகளுக்குப் பெரும்பாலும் அது சரியான முடிவாகவே இருந்தது. அதனால் யாரும் அதை யோசித்துப் பார்க்கவில்லை.

எங்கள் சீனியர் டெக்னீஷியன் முனிரத்தினம் இந்த வழக்கத்தின் காவல்காரர். புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ரூல்ஸ் என்றால் அவருக்கு உயிர். சாப்பிடும்போதுகூட முதலில் சாம்பார், அப்புறம் ரசம், அதை மாற்றினால் கோபம் வரும். மேகலாவின் சளியிலும் சந்தைதான் கூடியிருந்தது. அதற்குள் பச்சை நிறத்தில், வழுவழுவென்று, பாதி பிளேட்டை மூடிக்கொண்டு சூடோமோனாஸ் என்ற கிருமி படர்ந்திருந்தது. இந்த வியாதியில் அதுதான் பெரிய வில்லன் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. அதனால் முனிரத்தினம் பிளேட்டை டிரேயில் போடுவதற்கு முன் முறைப்படி அதை மட்டும் தனியாகப் பிரித்து, சுத்தமாக வளர்த்து, அதன்மேல் ஆண்டிபயாடிக்கில் தோய்ந்த காகித டிஸ்க்குகளை வைத்தார். செஃப்டசிடிம் டிஸ்க்கைச் சுற்றி வட்டமாகக் கிருமி செத்துக்கிடந்தது. பார்க்கவே திருப்தியாக இருந்தது. ரிப்போர்ட் போயிற்று, ஊசி ஆரம்பித்தார்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடி சாம்பிள் வந்தது. மறுபடி அதே பச்சை, அதே அழகான வட்டம். சுதாகர் போனில் கத்தினார். அவர் நல்ல மனுஷர், ஆனால் நோயாளிக்கு முடியாமல் போனால் யாரையாவது திட்ட வேண்டும் அவருக்கு.

"ஏமண்டி மேடம், உங்க பிளேட்டுல செத்துப்போவுது, என் பேஷண்ட்டுகிட்ட சாவ மாட்டேன்னுது. ரெண்டுல யார் பொய் சொல்றது?"

"பிளேட் பொய் சொல்லாது சார்" என்று நானும் முறுக்கிக்கொண்டு சொன்னேன். போனை வைத்த பிறகு முறுக்கு இறங்கிவிட்டது. பிளேட் பொய் சொல்லவில்லைதான். சூடோமோனாஸைத் தனியாக விட்டால் இந்த மருந்தில் சாகுமா என்று நாங்கள் கேட்டோம், சாகும் என்று அது சொன்னது. மேகலாவின் நெஞ்சில் அது தனியாகவா இருக்கிறது?

வியாழக்கிழமை புது சாம்பிள் வந்தபோது ஒரு காரியம் செய்தேன். எதையும் பிரிக்காமல், சளியையே அப்படியே பிளேட் முழுக்கத் தடவி, அதன்மேல் டிஸ்க்குகளை வைத்தேன். முனிரத்தினம் என்னை ஏதோ கோயில் உண்டியலில் கை வைத்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அம்மா, இது ரூல்ஸ்ல லேது."

"தெரியும் முனிரத்தினம்."

"பாஸ்டர் பொண்ணு மாதிரி இருந்துக்கினு இப்பிடி செய்றீங்களே."

"நான் பாஸ்டர் பொண்ணு இல்ல. எங்க நைனா தாலுகா ஆபீஸ் கிளர்க்."

"அப்ப இன்னும் தப்பு" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வருவதற்குள் அந்த பிளேட் சிவப்பு டிரேக்குப் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. சந்தை பிளேட் என்றால் டிரே, அவர் கை தானாகச் செய்துவிட்டது. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. டிரேயிலிருந்து எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டித் திட்டப் போனேன். பின்னால் ஜன்னல். வெளிச்சம் பிளேட்டின் ஊடாக வந்தது. திட்டுவதற்குத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

செஃப்டசிடிம் டிஸ்க்கைச் சுற்றி வட்டம் இருந்தது. ஆனால் வட்டத்துக்குள் அங்கங்கே மஞ்சளாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு மஞ்சள் புள்ளியையும் ஒட்டி, அதைச் சுற்றி மட்டும், பச்சை சூடோமோனாஸ் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. புள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பச்சையே இல்லை, செத்துக்கிடந்தது.

"முனிரத்தினம், இதப் பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். திரும்பக் கண்ணுக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார். "மஞ்சக்காரன் பக்கத்துல மட்டும் பொழச்சுக்கினு கீது" என்றார்.

அந்த மஞ்சள் கிருமியின் பெயர் ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ். வாயில் நுழையாத பெயர், நாங்கள் கடைசிவரைக்கும் மஞ்சக்காரன் என்றுதான் சொன்னோம். அதனால் வரும் தொல்லை சிறியது என்று அப்போது எண்ணம். சூடோமோனாஸ் பிளேட் முழுக்கப் படரும்போது அடியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது ஒரு நொதியைச் சுரக்கும். செஃப்டசிடிம் வகை மருந்துகளை அந்த நொதி உடைத்துப்போட்டுவிடும். தனக்காகத்தான் உடைக்கிறது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பவனும் பிழைத்துக்கொள்கிறான், அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்குகிறவன் மாதிரி. இதெல்லாம் நான் படித்திருந்தேன். படித்ததும் கண்ணால் பார்த்ததும் அன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்தது.

பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். அப்படி எடுத்துக்கொண்டு போகக் கூடாது, நீங்கள் போகாதீர்கள். வார்டில் சுதாகர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். புதிதாக வந்திருந்த இமிபெனம் ஊசி. சாயங்காலமே ஆரம்பிக்க வேண்டும். மருந்துச் சீட்டு தனம்மாவின் கையில் இருந்தது. மேகலாவின் உதட்டோரம் நீலம் பூத்திருந்தது. நான் உள்ளே போனதும் அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது.

சுதாகரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் பிளேட்டைக் காட்டினேன். அவர் புத்திசாலி, பார்த்ததும் புரிந்துகொண்டார். "அப்போ செஃப்டசிடிம் வேஸ்ட். கரெக்ட். அதுக்குத்தானே இமிபெனம் போடறேன்!"

"சார், இமிபெனத்தையும் இந்த மஞ்சக்காரன் உடைப்பான். அத விட நல்லாவே உடைப்பான். அந்த ஊசியில மத்ததெல்லாம் செத்து, இவனும் இவன ஒட்டிக்கினு இருக்கறவனும் பெருகிடுவாங்க."

"ருஜுவு இருக்கா?"

"இந்த ஒரு பிளேட்தான். இமிபெனம் டிஸ்க் இதுல வைக்கல. இன்னிக்கு வெச்சா நாளைக்குக் காலைல தெரியும்."

"நாளைக்கா? அந்தப் பொண்ணப் பாத்தீங்களா நீங்க? சரி, வேற என்ன குடுக்கச் சொல்றீங்க?"

நான் சொன்னேன். கோட்ரைமாக்சசோல். எந்தக் கிராமத்து ஹெல்த் சென்டரிலும் கிடைக்கும் பழைய சல்ஃபா மாத்திரை. செஃப்டசிடிமை நிறுத்தாமல், அதோடு சேர்த்து இதையும்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம், சூடோமோனாஸுக்கு சல்ஃபா நீள்ளு மாதிரி. தண்ணி! ஃபர்ஸ்ட் இயர் பையன் கூட இத எழுத மாட்டான்."

"சூடோமோனாஸுக்கு இல்ல சார். அது ஒதுங்கிக்கினு இருக்கிற தாழ்வாரத்தப் பிரிக்கறதுக்கு. மஞ்சக்காரன் போயிட்டான்னா, நீங்க இப்ப போடற ஊசியே வேலை செய்யணும்."

"செய்யணுமா, செய்யுமா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 'செய்யும்' என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். தெரிந்த மாதிரி பேசினால் எதிராளி சீக்கிரம் ஒத்துக்கொள்வார். 'எனக்கென்ன தெரியும், நான் லேப்காரி' என்று நழுவுவதற்கும் நாக்கு துடிக்கும். அன்றைக்கு எனக்கு இரண்டு ஆசையும் சேர்ந்தே வந்தது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று ஒரே மூச்சில் சொன்னேன். மஞ்சக்காரன் இருக்கிறான், நிச்சயம். பிளேட்டில் சூடோமோனாஸைக் காப்பாற்றுகிறான், நிச்சயம். நெஞ்சிலும் அப்படியே செய்கிறானா, தெரியாது. சல்ஃபாவுக்கு இந்த மஞ்சக்காரன் சாவானா, அனேகமாக, நாளைக்குத்தான் தெரியும். தப்பாக இருந்தால் நமக்குப் போவது ஒரு ராத்திரி.

"அந்த ஒரு ராத்திரி அவளுதுங்க மேடம், நம்மளுது இல்ல" என்றார் சுதாகர். அவர் சொன்னது உண்மை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தனம்மா வராந்தாவுக்கு வந்து நின்றிருந்தாள். அதே நேரம் எதிர்ப் பூத்திலிருந்து ஆள் வந்து கேட் அருகில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். குவைத் போன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் வாங்கம்மா. பெரிய ஊசின்றாங்க, இப்ப மாத்திரன்றீங்க. நான் இன்னான்னு சொல்லுவேன் அவுருகிட்ட?"

போனேன். பூத்துக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், தூரத்திலிருந்து.

"டாக்டரம்மா, மறைக்காத சொல்லுங்க. நான் கெளம்பி வந்துட்டுமா?"

நான் டாக்டர் இல்லை என்று திருத்துவதற்கு அது நேரமில்லை. "இன்னைக்கு எனக்குத் தெரியலங்க" என்றேன். "இன்னைக்கு ஒரு மருந்து சேக்கச் சொல்லி இருக்கேன். அது கேக்கும்னு நெனைக்கிறேன். கேக்கலன்னா ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும், நானே உங்களுக்குச் சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் கெளம்பாதீங்க."

"தெரியலன்னு சொன்னீங்க பாருங்க. அதுக்கோசரம் இருக்கறேன். எல்லாரும் சரியாப்பூடும் சரியாப்பூடும்னே சொல்லிக்கினு இருந்தாங்க" என்றார்.

நான் திரும்பி வந்தபோது சுதாகர், பிள்ளைக்கு சல்ஃபா ஒத்துக்கொள்ளாமல் எப்போதாவது உடம்பில் தடிப்பு வந்திருக்கிறதா என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். தனம்மாவிடமும் கேட்டார். இல்லை என்றாள். "நாளைக்குக் காலைல உங்க பிளேட் தப்புன்னு சொன்னா அந்த நிமிஷமே இமிபெனம்" என்று என்னை ஒரு விரலால் மிரட்டிவிட்டு மாத்திரையை எழுதினார். சாயங்காலத்து டோஸை எதிரில் நின்று அவரே விழுங்கவைத்தார்.

நான் மேலே போய் பிளேட்டுகளைப் போட்டேன். ஒன்றில் சூடோமோனாஸ் மட்டும். ஒன்றில் சூடோமோனாஸைத் தடவி, டிஸ்க்குகளுக்குப் பக்கத்தில் மஞ்சக்காரனை ஒரு கோடாக இழுத்தேன். ஒன்றில் மஞ்சக்காரன் மட்டும், சல்ஃபா டிஸ்க்கோடு. முனிரத்தினம் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு நின்று உதவினார். ரூல்ஸில் இல்லாத ஒரு வேலையை அவர் அத்தனை சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் அவர் வந்திருந்தார். இந்தத் தடவை டிரேயில் எதுவும் இல்லை. பிளேட்டுகளை வரிசையாக ஜன்னலுக்கு நேரே வைத்திருந்தார். தனியாக இருந்த சூடோமோனாஸ் இமிபெனத்துக்கு அழகாகச் செத்திருந்தது. மஞ்சள் கோடு போட்ட பிளேட்டில் அதே வட்டம் கோட்டுப் பக்கம் மட்டும் உள்வாங்கி, டிஸ்க் வரைக்கும் பச்சை ஏறியிருந்தது. செஃப்டசிடிமுக்கும் அப்படியே. சல்ஃபா டிஸ்க்கைச் சுற்றி மஞ்சக்காரன் அடியோடு காலி.

"சாருக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?" என்று முனிரத்தினம் கேட்டார். குரலில் அவ்வளவு ஆசை தெரிந்தது, நீங்களே செய்யுங்கள் என்றேன்.

பிளேட் சரி என்று ஆகிவிட்டதால் பிள்ளை உடனே எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் அப்படியேதான் இருந்தது. சர்ச்சில் உட்கார்ந்திருந்தேனே தவிர பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. குவைத்துக்கு நான் சொல்லி அனுப்புவதாகச் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் தனம்மா லேப் வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"சோறு துன்னாம்மா" என்றாள். "அவளாக் கேட்டுத் துன்னா."

அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கியது. ஆக்ஸிஜனைக் குறைத்தார்கள், பிறகு எடுத்தார்கள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ மைசூர் பாகு வாங்கி, வீடு போய்ச் சேர்வதற்குள் பாதியைத் தீர்த்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே எல்லா நோயாளிக்கும் சல்ஃபா எழுதச் சொல்லி டாக்டர்களிடம் போய் நிற்பீர்கள். இந்த வைத்தியம் அந்தப் பெண்ணுக்கு, அந்தத் தடவைக்கு. பிற்பாடு அதே வியாதியோடு வந்த வேறு பிள்ளைகளிடம் நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். மஞ்சக்காரன் இருந்தும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் கிடந்தான். இன்னொரு பிள்ளைக்கு சூடோமோனாஸை அடக்கினதும், அதுவரை அது அமுக்கி வைத்திருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி தலையெடுத்தது. பிளேட்டில் சாகாத மருந்துக்கு நெஞ்சு தெளிந்த அதிசயமும் உண்டு. இந்த நெஞ்சுகளில் யாரும் தனிக்குடித்தனம் இல்லை. யாரைத் தொட்டால் யார் எழுவார்கள் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சுதாகருக்கு இன்னொரு பிடிவாதம். கல்ச்சர் சுத்தமாக வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார். மேகலாவின் கடைசி சாம்பிள் பிளேட் என் கையில் இருந்தது. மஞ்சள் ஒன்றிரண்டு புள்ளி. பச்சை, குறைவாக, ஆனால் இருந்தது. முன்பு கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த இன்னும் ஒரு வகையும் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. மொத்தத்தில் சந்தை கலையவில்லை. முனிரத்தினம் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இதை எழுதினால் பெண் இன்னும் இரண்டு வாரம் கட்டிலில்.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. "மேடம், என் ரிசல்ட்டு வந்துச்சான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன், கிருமி பூட்டா இன்னிக்கே வூட்டுக்கு அனுப்பறேன்னு சாரு சொன்னாரு, அம்மா கீழ துணியெல்லாம் மடிச்சு வெச்சுக்கினு கீது."

மேகலா. எங்கள் லேப் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். அவள் படியேறி வந்து நின்று, அத்தனை நீள வாக்கியத்தை எங்கேயும் இழுக்காமல் சொல்லி முடித்திருந்தாள். முனிரத்தினம் பேனாவைக் கீழே வைத்தார்.

"கிருமி போகலம்மா" என்றேன். "எல்லாம் அங்கதான் இருக்குது. கொறஞ்சு இருக்குது."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. அப்புறம், "இருந்தா இருந்துட்டுப் போவட்டும் மேடம். எனக்கு மூச்சு வருதே" என்றாள்.

சுதாகருக்குப் போன் செய்து ரிசல்ட் வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்றேன். அவர் இரண்டு மாடியும் ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "எங்க?" நான் மேகலாவைக் காட்டினேன். "பிளேட்டு?" பிளேட்டையும் காட்டினேன். அவர் பிளேட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் தள்ளி, "உக்காருங்க சார், உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது; அது அடங்கிய பிறகு தெலுங்கில், "இண்டிகி வெள்ளிப்போம்மா" என்றார். வீட்டுக்குப் போம்மா.

அன்றைக்கு மத்தியானம் பூத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தனம்மாதான் முதலில் பேசினாள். "நீ வர வேணாம், பொண்ணு நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் அவர் நம்பவில்லை போலிருக்கிறது, அழுகிற குரலில் நல்ல சேதி சொன்னால் யார்தான் நம்புவார்கள். மேகலா ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"நைனா, நான்தான். நல்லாக்கீறேன். நீ வராத, அங்கியே இரு. நான் காலேஜிக்குப் போவப் போறேன்."

அப்புறம் அவள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றாள் தனம்மா.

"பேசுன்றாரும்மா. எதுனா பேசிக்கினே இருன்றாரு. மூச்சு வுடாத பேசறது கேக்கணுமாம்."

அவளுக்குச் சொல்வதற்கு விஷயம் தீர்ந்துபோயிருந்தது. பூத்தின் கண்ணாடிக்கு வெளியே ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். "புத்தூரு, நைனா. இது சித்தூரு. இது ரேணிகுண்டா, கூட்டமாப் போவுது. இது கார்வேட்டிநகரம். தோ, இன்னொரு புத்தூரு வருது..."